மருந்தே படாத உயிரணுக்களும் பச்சையாக ஒளிர்கின்றன: எங்கே தவறு?

நிரைமகள் | வெள்ளி, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள் நான். அப்பா பால்மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், பால் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு குலை வெட்டப் போனார். நான் உயிர்மருத்துவ அறிவியலில் இறுதியாண்டு. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருக்கிறேன், ஆனால் மனம் ஆய்வுக்கூடத்திலேயே கிடக்கிறது.

மஞ்சள் கிழங்கை எத்தனாலில் ஊறவைத்து எடுத்த சாறு, எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய் உயிரணுக்களைச் சாகடிக்கிறதா என்று பார்ப்பதுதான் என் ஆய்வு. சாறு விட்டு 24 மணி நேரம் கழித்து, பச்சையாக ஒளிரும் அன்னெக்சின்-வி, சிவப்பாக ஒளிரும் புரோப்பிடியம் அயோடைடு ஆகிய இரண்டு சாயங்களையும் ஏற்றி, உயிரணுக்களை ஒவ்வொன்றாக லேசர் முன் அனுப்பி ஒளியை எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஓட்டினேன். சாறு பட்ட உயிரணுக்களில் நூற்றுக்கு 64 பச்சை. மகிழ்ந்து போனேன். பிறகு சாறு படாத கிண்ணத்தைப் பார்த்தால் அதிலும் நூற்றுக்கு 31 பச்சை!

"ஒன்றுமே செய்யாத உயிரணுக்களில் மூன்றில் ஒரு பங்கு சாகிறது என்றால், மற்ற எண்ணை எப்படி நம்புவது?" என்று என் மேற்பார்வையாளர் கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. மூன்று வார உழைப்பு. இந்த மன்றத்தில் ஆய்வுக்கூடங்களில் வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள் என்று தெரியும். வழிகாட்டுங்கள்.

ஓய்வாசிரியர் | வெள்ளி, இரவு 10.15

மகளே, நம் தோட்டத்துப் பிள்ளை இப்படி ஓர் ஆய்வு செய்கிறாள் என்று படிக்கும்போதே நெஞ்சு நிறைகிறது. நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை அறிவியல் கற்பித்தவன். உயிரணு தெரியும், சுவர் தெரியும், உட்கரு தெரியும். ஆனால் பச்சையாக ஒளிர்ந்தால் சாகிறது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? சாயம் எப்படிச் சாவை அறிகிறது? தெரிந்தவர்கள் யாராவது எங்களைப் போன்றவர்களுக்கும் புரியும்படி எழுதினால் நன்றாக இருக்கும்.

ஒளிக்கூடம் | சனி, காலை 7.05

ஐயா கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். தங்கையின் சிக்கலும் அதற்குள்ளேதான் இருக்கிறது. பதினெட்டு ஆண்டுகளாக உயிரணு வளர்ப்புக் கூடத்தில் வேலை செய்கிறேன். நானும் பேராக் தோட்டப் பிள்ளைதான்.

உயிரணுவைச் சுற்றியுள்ள சவ்வு இரண்டு அடுக்குக் கொழுப்பால் ஆனது. உள்ளடுக்கில் மட்டும் இருக்க வேண்டிய ஒரு கொழுப்பு உண்டு, அதன் பெயர் பாஸ்பாடிடைல்செரின். உயிரோடு இருக்கும்வரை அது வெளியே தலைகாட்டாதபடி உயிரணு இடைவிடாமல் பார்த்துக்கொள்கிறது. அதற்கென்றே ஆற்றலைச் செலவழித்து, வெளியே நழுவியதைப் பிடித்து உள்ளே திருப்பும் புரதங்கள் இருக்கின்றன. உயிரணு தானாகச் சாகத் தொடங்கும்போது அந்தக் காவல் நின்றுபோகிறது. உள்ளே இருந்த கொழுப்பு வெளிப்புறத்துக்குப் புரள்கிறது. அதைக் கண்டதும் விழுங்கணுக்கள் வந்து அந்த உயிரணுவைச் சுத்தமாக விழுங்கிவிடுகின்றன. அக்கம்பக்கத்தில் வீக்கம் இல்லை, சீழ் இல்லை. 1992-இல் இதை ஃபடோக் குழுவினர் காட்டினார்கள்.

அன்னெக்சின்-வி என்பது அந்தக் கொழுப்போடு ஒட்டிக்கொள்ளும் புரதம். ஒட்டுவதற்குக் கால்சியம் வேண்டும். அதன் முதுகில் பச்சையாக ஒளிரும் சாயத்தை ஏற்றி அனுப்பினால், கொழுப்பு வெளியே புரண்டிருக்கும் உயிரணு பச்சையாகத் தெரியும். புரோப்பிடியம் அயோடைடு வேறு வகை. அதனால் முழுமையான சவ்வைக் கடக்கவே முடியாது. சவ்வு ஓட்டையாகிவிட்டால் மட்டும் உள்ளே நுழைந்து டிஎன்ஏவின் படிகளுக்கிடையே செருகிக்கொண்டு சிவப்பாக ஒளிரும். ஆக, இரண்டும் இல்லையென்றால் உயிருள்ளது. பச்சை மட்டும் என்றால் சாகத் தொடங்கியது, சவ்வு என்ற சுவர் இன்னும் நிற்கிறது. பச்சையும் சிவப்பும் என்றால் சுவரும் போய்விட்டது.

தானாக இறக்கும் இந்தத் தன்னழிவு முறைக்கு அப்போப்டோசிஸ் என்று 1972-இல் கெர், வில்லி, கரீ மூவரும் பெயர் வைத்தார்கள். கிரேக்கத்தில் அதற்கு இலை உதிர்தல் என்று பொருள்.

தங்கையே, நீங்கள் உயிரணுக்களைக் கிண்ணத்திலிருந்து எப்படிப் பெயர்த்தெடுத்தீர்கள் என்று ஒன்று விடாமல் எழுதுங்கள். எம்சிஎஃப்-7 தரையில் ஒட்டி வளரும் சாதி. என் ஐயம் அங்கேதான்.

பால்மரக்காடு | சனி, காலை 8.30

இலை உதிர்தல் என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நாற்பது ஆண்டுகள் தோட்டத்தில் இருந்தவன். ஆண்டுத் தொடக்கத்தில் பால்மரங்கள் இலையை உதிர்க்கும்போது காடு முழுக்கச் செம்பழுப்பாகிவிடும், நடந்தால் சருகு கணுக்கால் வரை வரும். பால் குறைந்துவிடும், சம்பளமும் குறைந்துவிடும். ஆனால் மரம் செத்துவிட்டது என்று எங்களில் யாரும் சொன்னதில்லை. இலையில் இருக்கும் சத்தைத் திரும்ப இழுத்துக்கொண்டு, காம்பில் தானே வெட்டு வைத்துத்தான் மரம் அதைக் கீழே விடுகிறது. புயலில் கிளையோடு முறிந்து விழும் இலை பச்சையாகவே கிடக்கும். இரண்டும் தரையில்தான் கிடக்கின்றன, ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

ஒளிக்கூடம் அவர்களே, உதிரும் பால்மர இலையில் இந்தப் பச்சைச் சாயத்தை விட்டுப் பார்க்க முடியுமா?

ஒளிக்கூடம் | சனி, காலை 9.10

ஐயா, முறிந்த இலைக்கும் உதிர்ந்த இலைக்கும் நீங்கள் சொன்ன வேறுபாட்டைத்தான் அந்த மூவரும் நுண்ணோக்கியில் கண்டார்கள். அடிபட்டுச் சாகும் உயிரணு ஊதி வெடித்து, உள்ளே இருப்பதைச் சுற்றிலும் கொட்டிவிடுகிறது. தானாகச் சாகும் உயிரணு சுருங்கி, உட்கருவை இறுக்கி, சவ்வு சுற்றிய சின்னச் சின்ன உருண்டைகளாக உடைகிறது.

இலையில் நேரடியாகச் செய்ய முடியாது. தாவர உயிரணுவுக்குச் சவ்வுக்கு வெளியே கெட்டியான செல்லுலோஸ் சுவர் இருக்கிறது. அன்னெக்சின் பெரிய புரதம், நுழையாது. நொதி விட்டுச் சுவரைக் கரைத்து, உயிரணுவை உரித்தெடுத்த பிறகே செய்ய முடியும். பச்சையம் தானாகவே சிவப்பாக ஒளிரும் என்பதால் சிவப்புச் சாயத்தோடு குழப்பமும் வரும்.

நிரைமகள் | சனி, காலை 11.20

அண்ணா, நான் செய்ததை அப்படியே எழுதுகிறேன். பழைய வளர்ப்புத் திரவத்தை ஊற்றிவிட்டு, உப்புக் கரைசலால் கழுவினேன். ஒட்டியவற்றைப் பெயர்க்கும் டிரிப்சின்-இடிடிஏ கரைசலை விட்டு 37 பாகையில் ஐந்து நிமிடம் வைத்தேன். பெயரவில்லை. இன்னும் பத்து நிமிடம் வைத்தேன். அப்போதும் திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தன, கிண்ணத்தின் பக்கவாட்டில் உள்ளங்கையால் தட்டி, மிச்சத்தைச் சுரண்டியால் சுரண்டினேன். கட்டிகளை உடைக்கப் பிப்பெட்டால் வேகமாக இழுத்து விட்டேன். சாயம் ஏற்றி இருட்டில் 15 நிமிடம் வைத்தேன். கருவியில் எனக்கு முன்னால் வேறு மாணவர் இருந்ததால் இரண்டரை மணி நேரம் காத்திருந்தேன்.

இதைத் தட்டச்சு செய்யும்போதே அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். சுரண்டினேன் என்ற இடத்தில் நிறுத்தி, "காயம் போட்டிருக்கிறாய்" என்றார்.

ஒளிக்கூடம் | சனி, மதியம் 1.00

உங்கள் அப்பா சொன்னதுதான் விடை. அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

பால் வெட்டும்போது உளி பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். அடியில் உள்ள உயிருள்ள படலத்தைத் தொட்டுவிட்டால் மரத்தில் காயம் விழுந்துவிடும், அந்த இடத்தில் பட்டை முடிச்சு முடிச்சாக வளரும், அடுத்த முறை அங்கே வெட்ட முடியாது. என் அம்மா இளம்வயதில் அந்தக் காயத்துக்காகக் கங்காணியிடம் வாங்கிய ஏச்சை இன்றும் சொல்வார். உங்கள் சுரண்டியும் அதையே செய்தது. சவ்வு கிழிந்தால் அன்னெக்சின் உள்ளே போய், உள்ளடுக்கில் தன் இடத்திலேயே இருக்கும் கொழுப்பைப் பிடித்துக்கொள்கிறது. கிழிசல் சிறியதாக இருந்து மூடிக்கொண்டால் சிவப்பு நுழையாது, பச்சை மட்டும் தெரியும். சாகத் தொடங்கிய உயிரணு எது, நீங்கள் காயப்படுத்திய உயிரணு எது என்று கருவிக்குத் தெரியாது. அது ஒளியை எண்ணுகிறது, அவ்வளவுதான். டிரிப்சினில் பதினைந்து நிமிடம் கிடப்பதும் கொடுமைதான்.

இனிமேல் டிரிப்சினை இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை நுண்ணோக்கியில் பார்த்து, உருண்டையானதும் சீரம் கலந்த திரவத்தால் நிறுத்துங்கள். பெயராத பிடிவாத வகை என்றால் அக்யூட்டேஸ் என்ற மென்மையான நொதியைக் கேட்டு வாங்குங்கள். எடுத்த பிறகு வளர்ப்புத் திரவத்தில் அரை மணி நேரம் ஓய்வு கொடுங்கள். இடிடிஏ மிச்சமில்லாமல் கழுவுங்கள், ஏனென்றால் அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கால்சியம் இல்லையென்றால் அன்னெக்சின் ஒட்டாது. இரண்டரை மணி நேரக் காத்திருப்பும் தவறு. சாயம் ஏற்றியபின் ஒரு மணி நேரத்துக்குள் ஓட்ட வேண்டும். அதற்கு மேல் நல்ல உயிரணுக்களும் சாயம் கலந்த கரைசலில் சோர்ந்து சாகத் தொடங்கும்.

இன்னொன்று, இதுவே என்னை மிகவும் வருத்தியது. பழைய திரவத்தை ஊற்றிவிட்டேன் என்கிறீர்கள். சாகும் உயிரணு தரையை விட்டுவிடும், மிதக்கும். நீங்கள் தேடியவற்றில் பாதியை நீங்களே தொட்டியில் கொட்டியிருக்கக்கூடும்! மிதப்பவற்றையும் கழுவிய நீரையும் சேர்த்துச் சுழற்றி, ஒட்டியிருந்தவற்றோடு கலந்த பிறகுதான் சாயம் ஏற்ற வேண்டும்.

குருதிச்சொட்டு | சனி, மாலை 4.45

மருத்துவமனை இரத்த ஆய்வுக்கூடத்தில் பணி. ஒரு மாற்றுக் கருத்து. மாணவர்களுக்கு இவ்வளவு சிக்கல் தேவையா? டிரிப்பான் நீலம் விட்டு எண்ணினால் செத்தது நீலம், உயிருள்ளது நிறமற்றது. ஐந்து நிமிட வேலை. கூடுதலாக வேண்டுமானால், உயிரணு தானாகச் சாகும்போது வேலை செய்யும் காஸ்பேஸ்-3 நொதி வெட்டினால் ஒளிரும் சாயம் இருக்கிறது. அது தன்னழிவுக்கே உரியது, காயத்தால் ஏமாறாது.

அன்னெக்சினைப் பற்றி ஒரு செய்தியும் சொல்கிறேன். அது இரத்தம் உறைவதைத் தடுக்கும் புரதமாகத்தான் 1985-இல் தொப்புள்கொடியின் தமனிகளிலிருந்து பிரிக்கப்பட்டது. இரத்தத் தட்டணுக்கள் கிளர்ச்சியடைந்தாலே இதே கொழுப்பை வெளியே காட்டும், சாகவே வேண்டாம். இரத்த மாதிரிகளில் தட்டணு ஒட்டிக்கொண்ட வெள்ளணு பச்சையாகத் தெரிந்து என்னையே ஏமாற்றியிருக்கிறது.

ஒளிக்கூடம் | சனி, இரவு 8.20

தட்டணுச் செய்திக்கு நன்றி. பச்சை என்றாலே சாவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

டிரிப்பான் நீலத்தில் நான் உடன்படவில்லை. அது சுவர் இடிந்ததை மட்டும் காட்டும். சாகத் தொடங்கியும் சுவர் நிற்கும் உயிரணு அதற்கு உயிருள்ளதாகவே தெரியும். தங்கையின் கேள்வியே "எப்படிச் சாகிறது" என்பது.

காஸ்பேஸ்-3 மற்ற உயிரணுக்களுக்கு அருமையான வழி. ஆனால் எம்சிஎஃப்-7 உயிரணுவில் காஸ்பேஸ்-3 இல்லை. அதன் மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டிருக்கிறது. 1998-இல் வெளியான செய்தி இது. இதை அறியாமல் அந்தச் சாயத்தை வாங்கி, ஒளிரவில்லை, ஆகவே மருந்து வேலை செய்யவில்லை என்று எழுதிய ஆய்வேட்டை நான் கையில் பிடித்துப் படித்திருக்கிறேன். அந்த மாணவன் இரண்டு மாதம் இழந்தான். உயிரணுவின் வரலாற்றைப் படிக்காமல் சாயம் வாங்கக் கூடாது.

குருதிச்சொட்டு | சனி, இரவு 9.00

எம்சிஎஃப்-7 பற்றி எனக்குத் தெரியாது. திருத்திக்கொள்கிறேன். அப்படியானால் பச்சையும் சிவப்பும் சேர்ந்து வருபவற்றைத் தன்னழிவின் பிற்பகுதி என்று எழுதலாமா? பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

ஒளிக்கூடம் | சனி, இரவு 9.40

ஒரே ஒரு நேரத்தில் பார்த்துவிட்டு அப்படி எழுதக் கூடாது. சூட்டில் வெந்து செத்த உயிரணுவும் அதே மூலையில்தான் வந்து விழும். சுவர் இடிந்திருப்பதால் அன்னெக்சினும் உள்ளே போகும், சிவப்பும் போகும். பால்மரக்காடு ஐயா சொன்ன முறிந்த இலையும் உதிர்ந்த இலையும் தரையில் ஒன்றாகக் கிடப்பது போல. எந்த வழியாக வந்தது என்று அறிய இடையிடையே பார்க்க வேண்டும். சாறு விட்டு 6 மணி நேரம், 12 மணி நேரம், 24 மணி நேரம் கழித்து என்று எடுத்தால், முதலில் பச்சை மட்டும் உள்ள கூட்டம் பெருகி, பிறகு அது சிவப்பையும் சேர்த்துக்கொண்டு நகர்வது தெரிய வேண்டும். பச்சைப் படியே இல்லாமல் நேராக இரண்டு நிறத்துக்கும் தாவினால் அது அடிபட்ட சாவு என்றுதான் ஐயப்பட வேண்டும்.

தங்கையே, நாளை இன்னொன்று எழுத வேண்டும். மஞ்சளைப் பற்றி.

ஒளிக்கூடம் | ஞாயிறு, காலை 6.50

மஞ்சளில் உள்ள குர்குமின் தானே ஒளிரும் பொருள். நீல ஒளியை உறிஞ்சிப் பச்சையாக உமிழும். உங்கள் கருவி 488 நானோமீட்டர் நீல லேசரால் தாக்கி, 520-ஐ ஒட்டிய பச்சையைத்தான் எண்ணுகிறது. குர்குமினை உயிரணு எளிதாக உள்ளே வாங்கிக்கொள்ளும். அப்படியானால் உங்கள் 64-இல் எவ்வளவு சாவு, எவ்வளவு மஞ்சள்?

நோட்டு சோதிக்கும் புற ஊதா விளக்கு யாரிடமாவது இருந்தால் இன்றே பாருங்கள்.

நிரைமகள் | ஞாயிறு, மாலை 6.30

பார்த்தேன் அண்ணா! மாமாவின் மளிகைக் கடையில் ரிங்கிட் நோட்டு பார்க்கும் விளக்கு இருக்கிறது. கடையடைத்த பிறகு மூன்று கண்ணாடிக் குவளைகளை வைத்தோம். ஒன்றில் தண்ணீரில் மஞ்சள்தூள், ஒன்றில் சமையல் எண்ணெயில், ஒன்றில் நான் கொண்டுவந்திருந்த எத்தனாலில். தூளைப் படியவிட்டு மேலே தெளிந்ததற்கு விளக்கைக் காட்டினோம். தண்ணீர் மங்கலாகவே கிடந்தது. எண்ணெய் பசுமஞ்சளாக ஒளிர்ந்தது. எத்தனால் குவளையோ, குருத்து வாழையிலைக்குப் பின்னால் வெயில் நிற்பது போல் அப்படியே எரிந்தது. மாமா விளக்கை அணைத்தார், சாதாரண மஞ்சள் நீர். போட்டார், பச்சை. அத்தை கடைசிவரை நம்பவில்லை, குவளைக்குள் ஏதோ மருந்து கலந்திருக்கிறேன் என்றார்.

என் சாறு அந்த எத்தனால் சாறுதான்.

ஓய்வாசிரியர் | ஞாயிறு, இரவு 8.00

இதைப் படித்ததும் ஒன்று நினைவுக்கு வந்தது. மலேரியாவுக்குத் தோட்டத்து மருந்தகத்தில் கொடுத்த கொய்னாவை எங்கள் தலைமுறை மறக்காது. நாக்கை விட்டுப் போகாத கசப்பு. 1852-இல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் அந்தக் கொய்னாக் கரைசலை வைத்துத்தான், கண்ணுக்குத் தெரியாத ஒளியை வாங்கித் தெரியும் நீலமாகத் திருப்பித் தரும் இந்த இயல்பை விளக்கினார் என்று படித்திருக்கிறேன். நம் பாட்டன்மார் விழுங்கிய மருந்தும் நம் குழம்பில் விழும் மஞ்சளும் ஒளிர்பவை என்பதை மாணவர்களுக்கு ஒருமுறையாவது காட்டியிருக்கலாம். விளக்கு விலை அதிகமில்லை. என்னுடைய பழைய பள்ளியில் இப்போது கற்பிப்பவர்களிடம் நாளையே பேசுகிறேன்.

ஒளிக்கூடம் | ஞாயிறு, இரவு 8.45

ஐயா, கட்டாயம் பேசுங்கள். கண்ணில் நேராகப் படாதபடி விளக்கைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

தங்கையே, அடுத்த ஓட்டத்துக்கு ஐந்து கிண்ணங்களாவது கூடுதலாக வேண்டும். சாயமே ஏற்றாத உயிரணு. பச்சை மட்டும் ஏற்றியது. சிவப்பு மட்டும் ஏற்றியது. சாறு பட்டும் சாயம் ஏற்றாதது. ஸ்டாரோஸ்போரின் என்ற மருந்தைக் கொடுத்து வேண்டுமென்றே தன்னழிவுக்கு அனுப்பியது. பச்சைச் சாயத்தின் ஒளி கொஞ்சம் சிவப்புப் பகுதிக்குள்ளும் கசியும். ஒற்றைச் சாயக் கிண்ணங்கள் இருந்தால்தான் அந்தக் கசிவைக் கழிக்க முடியும். சாறு மட்டும் உள்ள கிண்ணம் மஞ்சளின் பங்கைக் காட்டிவிடும். முடிந்தால் அன்னெக்சினையே மாற்றுங்கள். அலெக்சா ஃப்ளூர் 647 ஏற்றிய அன்னெக்சின் சிவப்பு லேசரில் ஒளிரும். குர்குமின் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது.

கிண்ணம் கூடினால் செலவு கூடும், தெரியும். மேற்பார்வையாளரிடம் இந்த இழையைக் காட்டிக் கேளுங்கள். கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

நிரைமகள் | மூன்று வாரம் கழித்து, வியாழன், இரவு 10.30

அண்ணா, ஐயா, எல்லோருக்கும் வணக்கம். மேற்பார்வையாளர் ஒப்புக்கொண்டு 647 அன்னெக்சின் வாங்கித் தந்தார். அக்யூட்டேஸால் எடுத்தேன், எட்டு நிமிடத்தில் தானாகவே பெயர்ந்தன. மிதந்தவற்றைச் சேர்த்தேன். தட்டவில்லை, சுரண்டவில்லை.

சாறு படாத உயிரணுக்களில் இப்போது நூற்றுக்கு 7 மட்டுமே. முதல் முறை வந்த 31 நான் போட்ட காயமும் காத்திருப்பும்தான். சாறு பட்டும் எந்தச் சாயமும் ஏற்றாத கிண்ணத்தைப் பழைய பச்சைப் பகுதியில் பார்த்தேன், நூற்றுக்கு 40-க்கு மேல் ஒளிர்ந்தன. சாயமே இல்லாமல்! மஞ்சள்.

சாறு பட்டவற்றில் புதிய அன்னெக்சினில் 6 மணி நேரத்தில் நூற்றுக்கு 8, 12 மணி நேரத்தில் 13, 24 மணி நேரத்தில் 22. பெரும்பாலானவை அன்னெக்சின் மட்டும், சிவப்பு இல்லாதவை. ஸ்டாரோஸ்போரின் கிண்ணம் பாதிக்கு மேல் ஏறியது, ஆக சாயம் வேலை செய்கிறது. 64-ஐ இழந்ததில் முதல் நாள் அழுகை வந்தது, மறைக்கவில்லை. ஆனால் இந்த 22-ஐ யார் கேட்டாலும் என்னால் நின்று பதில் சொல்ல முடியும்.

மேற்பார்வையாளர் 48 மணி நேரத்திலும் எடுக்கச் சொல்கிறார். கருவி அடுத்த கட்டடத்தில் இருக்கிறது, வெயிலில் பத்து நிமிட நடை. சாயம் ஏற்றிவிட்டுக் கொண்டுபோகலாமா, அங்கே போய் ஏற்றலாமா?

ஒளிக்கூடம் | வெள்ளி, காலை 6.15

அங்கே போய் ஏற்றுங்கள். உயிரணுக்களைப் பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுபோங்கள், ஆனால் சாயம் ஏற்றும்போது அறை வெப்பத்துக்கு வர விடுங்கள். சாயக் குப்பியை அலுமினியத் தாளில் சுற்றிக்கொள்ளுங்கள்.

48 மணியில் சிவப்பு கூடத்தான் செய்யும். கிண்ணத்தில் விழுங்கணு இல்லை, செத்ததை எடுத்துப்போக ஆளில்லாமல் கடைசியில் சுவர் தானாக இடியும். அதைக் கண்டு பயப்படாதீர்கள். படம் கிடைத்ததும் இங்கே போடுங்கள், 24 மணிப் படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.